நான் பார்த்ததை மட்டும்

ஓடுகிறேன். வியாழக்கிழமை. காலை ஆறு இருபது. காலில் செருப்பு இல்லை. பின்னால் தகரம் கிழிகிற சத்தம். அதற்கும் பின்னால் மூன்று ஜேசிபி. பின்வாங்கும்போதெல்லாம் பீப், பீப் என்று கத்துகின்றன. இன்றைக்கும் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் நின்று திரும்பிப் பார்க்கிறேன்.

மைக்கில் ஒருவன் கன்னடத்தில் கத்துகிறான். "ஐது நிமிஷ! எல்லரூ ஹொரகே பன்னி! ஐது நிமிஷ!" ஐந்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே வரணுமாம். நாற்பத்திரண்டு வருஷம் குடியிருந்த வீட்டுக்கு ஐந்து நிமிடம். அதையும் முழுசாகத் தரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் முடிவதற்குள் முதல் சுவர் விழுந்தது.

எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு. டிவியைத் தூக்கிக்கொண்டு. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. நான் மட்டும் உள்ளே ஓடுகிறேன். புத்தர் மன்றத்துக்கு.

"ஏய் சுசீலா! எங்கடி போற? செவுரு உழுது! வந்துடுடி!"

பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. சுகர்காரி. கத்திக்கொண்டே என் பின்னால் வருகிறாள்.

இதை யுத்தம் என்று எழுதாதே என்று எங்கள் வக்கீல் சொன்னார். கோர்ட்டுக் காகிதத்தில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். யுத்தம்தான். எந்த ஆபீஸ் ஆட்களை அனுப்பியது, எந்தக் கம்பெனிக்கு இந்த இடம் வேண்டும் என்பதை எழுதவில்லை. கேஸ் நடக்கிறது.

என் பெயர் சுசீலா. நாற்பத்து நான்கு வயது. வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எங்கள் காலனி தொம்மலூருக்குப் பின்னால், பெரிய கால்வாயை ஒட்டி இருந்தது. அறுபத்து மூன்று வீடு. எங்கள் அப்பா அம்மாக்கள் வடாற்காட்டிலிருந்து இந்த ஊரின் தெருவைக் கூட்ட வந்தவர்கள். கூட்டினார்கள். கக்கூஸ் கழுவினார்கள். அரசாங்கம் அவர்களுக்கு இந்த இடத்தை எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கு ஒரு உரிமைப் பத்திரம். ஹக்குப் பத்திரம் என்று சொல்வோம். எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. காலனியில் பாதிப் பேர், யாரையாவது பிடித்து, எதையாவது கொடுத்து நிறுத்திவிடலாம் என்றார்கள். மீதிப் பாதி, கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றார்கள். நான் ஒருத்திதான் கோர்ட் என்றேன். நம்மிடம் பத்திரம் இருக்கிறது, நாம் எதற்குக் கும்பிடணும் என்றேன். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன். "ரூல்ஸ் சுசீலா வந்துட்டாடா" என்று கேலி செய்தார்கள். செய்துகொள்ளட்டும். கோர்ட் மனுவில் கையெழுத்துப் போட்டார்களே, அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. எல்லா ஒரிஜினல் பத்திரமும் வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் புத்த வந்தனம் முடிந்ததும் வாங்கினோம். ஒவ்வொரு வீடும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தது. சங்கச் செயலாளர் குமரேசன் பெயரைக் கூப்பிட்டான். நான் வாங்கி ட்ரங்குப் பெட்டியில் வைத்தேன். குமரேசன் எனக்குப் பத்து வயது சின்னவன். அவன் கல்யாணத்துக்கு அரைநாள் லீவு போட்டு வெங்காயம் உரித்தவள் நான்.

கடைசியாக வந்தது பாக்கியம் அக்கா. ஒரு கையில் பத்திரம். இன்னொரு கையில் திண்டுக்கல் பூட்டு.

"ஒரிஜினல யாராவது இப்டி மொத்தமா வெப்பாங்களாடி? சரி வெக்கிற. இந்தா, இத போட்டுப் பூட்டு."

"மன்றத்துக்குள்ள பூட்டு கூடாது அக்கா. தெரியாதா உனக்கு?"

"நீ ஒரு லூசுடி. ஒலகம் உன்ன மாதிரி இல்ல."

பூட்டை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். காரணம் சொல்கிறேன். மன்றத்தைக் கட்டியவர்களுக்கு ஊரில் கோயில் கதவைத் திறந்ததே இல்லை. இங்கே வந்து கட்டும்போது ஒரு முடிவு எடுத்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. பூட்டு கிடையாது. உள்ளே இருக்கும் எந்தப் பெட்டிக்கும் கிடையாது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு குத்துவிளக்குகூடக் காணாமல் போனதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். வைட்ஃபீல்டு மேடம்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"புத்தருக்காக இல்ல, உன் மூஞ்சிக்காக வெக்கிறேன்" என்று சொல்லி பாக்கியம் அக்கா தன் பத்திரத்தைப் பெட்டியில் வைத்தாள்.

புதன்கிழமை. மாலை ஆறு நாற்பது. மெட்ரோவில் வந்து இறங்கி, பஸ் பிடித்து, காலனிக்குள் நுழைகிறேன். மன்றத்தில் லைட் எரிகிறது. வாசலில் குமரேசனின் சாம்பல் நிற ஸ்கூட்டர். படியில் அவனுடைய பழுப்புச் செருப்பு. கதவு சாத்தியிருக்கிறது. தியானத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்திருக்கலாம். காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கியிருந்தது. வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

வியாழக்கிழமை. ஆறு இருபத்து மூன்று. மன்றத்துக்குள் நிற்கிறேன். பெட்டி இருக்கிறது. புத்தர் காலடியில், வைத்த இடத்திலேயே. கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறேன். கனமாக இருக்கிறது. அப்பாடா என்று மூச்சு வருகிறது. இன்னொரு கைப்பிடியைப் பாக்கியம் அக்கா பிடிக்கிறாள். வெளியே எங்கள் ஆட்கள் அலறுகிறார்கள். "உள்ள ஆளு இருக்குது! நிறுத்து! ஏய், நில்ஸு! நில்ஸு!"

நிறுத்தவில்லை. எத்தனையோ வீடு இருக்க, முதல் ஜேசிபி நேராக மன்றத்துக்குத்தான் வந்தது. பின்சுவர் உள்ளே வந்து விழுந்தது. தூசி. ஒன்றும் தெரியவில்லை. மேலே இருந்த இரும்பு உத்தரம் முறிகிற சத்தம். பிறகு பாக்கியம் அக்காவின் சத்தம். வலது கால். பாதத்துக்கு மேலே.

"விடாதடி! பொட்டிய விடாத!"

விடவில்லை. அவளையும் பெட்டியையும் எப்படி வெளியே இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்து, வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்தேன்.

பழைய பேப்பர். கட்டுக் கட்டாக. கன்னடப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர். சணல் போட்டு அழகாகக் கட்டி அடுக்கியிருந்தது. ஒரு பத்திரம் இல்லை. அடி வரைக்கும் கொட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

நான் அப்பவே சொன்னேனே என்று பாக்கியம் அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என் மயிரைப் பிடித்து அடித்திருக்கலாம். அவள் ஒரு கட்டு பேப்பரை எடுத்து, ரத்தம் வருகிற காலில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஒன்பதே காலுக்கு எல்லாம் முடிந்தது. ஜேசிபிக்காரர்கள் கால்வாய் ஓரத்தில் நின்று டீ குடித்தார்கள். குமரேசனின் வீட்டையும் இடித்தார்கள். அதில் ஒரு தட்டுமுட்டுச் சாமான் இல்லை. முந்தின நாளே டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறான். பாவி. மாமியாரைப் பார்க்க பீரோவையா கொண்டுபோவார்கள்?

வெள்ளிக்கிழமை பத்தரை. கோர்ட். ஒரிஜினல் எங்கே என்று கேட்டார்கள். வீடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, இவர்கள் காட்டும் நகல் எல்லாமே போலி, இந்த ஜனங்களுக்கு இதுவே பிழைப்பு என்றார். இந்த ஜனங்கள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாய்தா போட்டார்கள்.

குமரேசன் இப்போது இருப்பது வைட்ஃபீல்டு பக்கம். நாலாவது மாடி. இரண்டு பெட்ரூம். பால்கனியில் துளசித் தொட்டி. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன். மூன்று நாள், வேலை முடிந்து நேராக அங்கே போய் நின்றேன். பையில் ஒரு கம்பி. என் வீட்டு இடிபாட்டில் பொறுக்கியது. அவன் வலது காலை உடைக்கணும். பாதத்துக்கு மேலே. அதே இடத்தில். வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

மூன்றாம் நாள் பால் வாங்கக் கீழே வந்தான். என்னைப் பார்த்தான். முகம் செத்துப்போனது. பிறகு பல்லைக் காட்டினான்.

"அக்கா, நீங்களும் கேஸ் வேணாம்னு கையெழுத்துப் போட்டுடுங்கக்கா. நான் பேசி ஒரு வீடு வாங்கித் தரேன். இன்னும் எத்தினி நாளு இதே பேசினு இருப்பீங்க? ஒலகமே அப்டித்தான் கா."

"த்தூ" என்றேன். துப்பியது அவன் சட்டையில் விழுந்தது. கம்பியை எடுக்கவில்லை. நல்லவள் என்று என்னை நினைக்க வேண்டாம். அடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் ஆஸ்பத்திரிக்கு, நான் ஸ்டேஷனுக்கு. அவனுக்கு ஒரு நாள் வலி எனக்குப் போதாது. எல்லோர் முன்னாலும், அவன் வாயாலேயே, எடுத்தது நான்தான் என்று சொல்ல வைக்கணும். அவன் பெண்டாட்டி பிள்ளை கேட்கணும். அந்த ஆபீஸ்காரன் கேட்கணும். இதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் கிடையாது.

போலீஸில் புகார் எழுதும்போது வக்கீலின் கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெட்டியிலேர்ந்து அவன் எடுக்கறத பாத்தேன்னு ஒரே ஒரு வரி போட்டுடுங்கம்மா. ஸ்ட்ராங் ஆயிடும். யாரு வந்து இல்லைன்னு சொல்லப் போறா?"

நான் பார்க்கவில்லை. ஸ்கூட்டரைப் பார்த்தேன். செருப்பைப் பார்த்தேன். பெட்டியில் அவன் கை வைத்ததைப் பார்க்கவில்லை. காலனியே என்னைச் சுற்றி நின்றது. சொல்லிடு சுசீலா, சொல்லிடு. அவன்தான் எடுத்தான் என்று எல்லோருக்கும் தெரியுமே. எனக்கும் தெரியும். என் எலும்புக்குத் தெரியும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி. அந்த நாயை உள்ளே தள்ள ஒரே ஒரு வரி.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீடு இடித்த பன்னிரண்டாம் நாள். அன்று காலையில்தான் பாக்கியம் அக்காவின் காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். சுகர் ஏறி, கால் அழுகிவிட்டது. கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது இதுதான்.

"பாத்தேன்னு சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லுடி. நானும் பாத்தேன்னு சொல்றேன். என் காலு போச்சுடி. உன் பேச்ச கேட்டுத்தானே குடுத்தேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நம்ம பத்திரம் எல்லாம் பொய் என்று அந்த வக்கீல் சொல்றான் அக்கா. நான் ஒரு பொய் சொல்லி மாட்டினால், அறுபத்து மூன்று பத்திரமும் பொய் ஆகிவிடும். அப்புறம் குமரேசன் சிரிப்பான். அவனை நான் சிரிக்க விட மாட்டேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏழு நாள் தினமும் போனேன். கஞ்சி கொண்டுபோனேன். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை, ஆறு நாற்பது, சாம்பல் ஸ்கூட்டர், பழுப்புச் செருப்பு, சாத்திய கதவு. கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். "செருப்ப வெச்சு என்னம்மா பண்றது?" குமரேசனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சாமி கும்பிடப் போனேன் என்றான். அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாற்பது குடும்பம் ஊருக்கு வெளியே தகர ஷெட் வாங்கிக்கொண்டு போனது. எங்களிடம் பத்திரம் எதுவும் இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை. பொய். கோபம் இருக்கிறது. ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் திட்டியிருக்கிறேன். இருபத்திரண்டு குடும்பம் மீதி. மர்பி டவுனில் சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக்கொண்டு இருக்கிறோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லோரும் போகிறோம். குமரேசனும் எதிர்த் தரப்புச் சாட்சியாக வருகிறான். அவனுக்கு எதிரில் போய் நிற்போம். பேச மாட்டோம். அவன் பாத்ரூமுக்குப் போனால் வாசலில் இரண்டு பேர் நிற்போம். போன வாய்தாவில் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் அப்படியே பைக்குள் போட்டுவிட்டான். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

இழப்பைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று கோர்ட் கேட்டது. கொடுத்தேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

வீடு அறுபத்து மூன்று. மன்றம் ஒன்று. உரிமைப் பத்திரம் அறுபத்து மூன்று என்று முதலில் எழுதினேன். அதில் ஒன்று குமரேசனுடையது. அடித்துவிட்டு அறுபத்திரண்டு என்று எழுதினேன். தையல் மெஷின் நான்கு. இஸ்திரி வண்டி ஒன்று. பள்ளிக்கூடப் பை பதினேழு. தண்ணீர் டிரம் நாற்பத்தொன்று. புத்தர் சிலையில் வலது கை. கோழி ஒன்பது. வேப்பமரம் ஒன்று. அதையும் மறுநாள் வெட்டினார்கள்.

ஆள் இரண்டு.

துரைசாமி மாமா. வயது எழுபத்தொன்று. மூன்றாம் நாள், மழையில், ஃபுட்பாத்தில். பாக்கியம் அக்கா. வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பதாம் நாள், காலை ஐந்து ஐம்பது, ஆஸ்பத்திரியில்.

பட்டியலில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. யாரால் என்று தலைப்பு. துரைசாமி மாமாவுக்கு நேரே அந்த ஆபீஸின் பெயரை எழுதினேன். பாக்கியம் அக்காவுக்கு நேரே குமரேசன் என்று எழுதினேன். நான் பார்க்காததால் பக்கத்தில் சந்தேகம் என்று போட்டேன். அதற்குக் கீழே சுசீலா என்று என் பெயரை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் சந்தேகம் என்று போடவில்லை.