ஹால்வர்சன் கவுண்டிக்குக் கஃபீல் யார்?

பேசாமலிருந்தது போதும் பெருமக்களே, போதும்!

பிறருக்கு ஐந்து நிமிடம், தமக்கு ஐம்பது நிமிடம் என்று வகுத்துத் தரும் வள்ளல், இந்த வளைகுடா ஊராம் மங்காஃபின் தமிழ் மன்றத் தலைவர் அண்ணன் பெனிட்டோ அவர்களே! வரவேற்புரையில் பாதிப் பேரை மறந்துபோகும் செயலாளர் விஜயபாஸ்கர் அவர்களே! மூத்தோரே! நைட் டியூட்டி முடித்துக் கண் சிவக்க வந்தமர்ந்த செவிலியத் தாய்மார்களே! வணக்கம்.

வெள்ளிக்கிழமை விழாவில் வாழ்த்திப் பேசக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். பிரியாணி வந்தது, மைக் அணைந்தது. ஆகவே அந்த உரையை இங்கே எழுதுகிறேன். கைதட்ட வேண்டிய இடம் உங்களுக்கே தெரியும்.

நம் தங்கை லிண்டாவுக்கு அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் ஹால்வர்சன் கவுண்டி மருத்துவமனையில், நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாழ்த்த வேண்டிய மன்றம் என்ன செய்தது?

"பட்டிக்காடும்மா அது! சோளமும் பனியுந்தான். மனுஷனே மாஃபி, ஒருத்தரும் கெடையாது!" என்றார் தலைவர்.

"யக்கா, அங்க கஃபீல் ஆரு?" என்று கேட்டாள் லிண்டாவோடு வேலை பார்க்கும் ரெஷ்மா.

"அப்பிடி ஒரு ஆளே இல்லியாம்டி" என்றாள் லிண்டா.

"அய்யோ! அப்போ ஏதாம் ஒண்ணுன்னா ஆருட்டப் போய் நிப்பிய?"

விசாவைக் கையில் வைத்திருக்கும் முதலாளி இல்லாமல் ஓர் ஊரா என்று அரங்கமே அனுதாபப்பட்டது! லிண்டாவின் முகம் வாடியது. "போகலேன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றாள்.

விடுவேனா? படித்த புவியியலுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

பனிப்பாறைகள் இழைத்துவிட்டுப் போன சமவெளி அது. கரிசல்போல் கறுத்த மண். கட்டம் கட்டமாய் அளந்த நிலம். குளிரில் மூக்கு உறையும், உண்மை. ஆகஸ்டில் நாம் என்ன இங்கே தென்றலிலா நடக்கிறோம்?

அங்கே முதலில் வாழ்ந்தவர்கள் பூர்வகுடிகள். அவர்களைத் துரத்திவிட்டுத்தான் அந்த நிலத்தை அளந்தார்கள். அதை மறைத்துப் பேசினால் அது வரலாறல்ல. பிறகு வந்தார்கள் நார்வேக்காரர்கள். யார் அவர்கள்? பிழைக்க வந்தவர்கள்! பாஷை தெரியாமல் வந்தவர்கள்! மீன் தின்று வளர்ந்து, கடலே இல்லாத ஊருக்கு வந்தவர்கள்! வந்ததும் ஒரு கோயில் கட்டினார்கள். யார் தலைவர் என்று சண்டை போட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோயில் கட்டினார்கள்! மங்காஃபில் இரண்டு தமிழ் மன்றம் நடத்தும் மக்களே, இவர்களா நமக்கு அந்நியர்?

பின்வரிசையில் சிரிப்பது யார்? சிரியுங்கள், சிரியுங்கள். அந்த இரண்டாவது மன்றத்தைத் திறந்துவைத்தவரே நீங்கள்தானே!

மனுஷனே மாஃபி என்றீர்களே அண்ணே! லிண்டா மங்காஃபில். கணவர் ஜெகின் வேறோர் அரபு நாட்டில், ருவைஸ் ஆலையில். மகள் எலிசா குளச்சலில் பெரியம்மா வீட்டில். மூவரும் சேர்ந்து உண்பது லீவில் மட்டும். இந்த வேலைக்குப் போனால் கணவரும் மகளும் கூடவே போகலாம். ஒரே கூரை! ஒரே மேசை! ஒரே மீன்சட்டி! சொல்லுங்கள், மனிதர் இல்லாத இடம் எது? அந்தச் சோளக்காடா? மூவரையும் மூன்று நாட்டில் பிரித்துவைத்த இந்த வாழ்க்கையா?

போ தங்கச்சி! பனியில் வழுக்கி விழுந்தாலும் தூக்கிவிட ஜெகின் பக்கத்தில் இருப்பார்.

வாசித்தவர்களுக்கும், அன்று பிரியாணிக்கு ஓடியவர்களுக்கும் நன்றி. வணக்கம்.

கீழே பெயர் போடலாமா என்று யோசித்தேன். போட்டால், "அவனுக்கு என்மேல காண்டு, அதான் எழுதுறான்" என்பார் தலைவர். அது பொய்யுமல்ல. நாளை முழுக்க என் கோபத்தைப் பற்றிப் பேசுவார்கள். லிண்டாவைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. அதனால் மன்றத்தின் முகநூல் குழுவில், பெயரில்லாமல், இதோ போடுகிறேன்.