மேட்டு ரோட்டுக்கு நாலு ஆம்ப்

பேட்டரியில ஓடற மடக்கு சைக்கிள் வெச்சிருக்கறவங்க டயருக்குக் காத்தே அடிக்க மாட்டாங்க மச்சான். சின்னச் சக்கரம், சட்டுனு இறங்கிடும். ஆனா கடைக்கு வந்து நின்னா மொத வார்த்தையே, "உங்க வண்டி இழுக்கவே மாட்டேங்குது"ன்னுதான் இருக்கும். பத்து வருஷமா இங்க உக்காந்து இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். உங்க தங்கச்சி அப்படி இல்ல. ஓட்டிக்கிட்டிருந்த வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஆனா பம்பை எடுத்துக்கிட்டு மாடியிலேருந்து இறங்கி வந்துடுவா. இழுக்கலைன்னாக்கூட வண்டியைக் குறை சொல்ல மாட்டா. ஏன்னா அந்த வண்டியைப் பார்த்துக்கிட்டது நான்.

ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன், இனிமே யாரும் வரமாட்டாங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்த நாற்காலியில உக்காருங்க. நீங்க கத்தாமக் கேட்டா நானும் ஒளிக்காமச் சொல்லிடறேன்.

அந்த வண்டியை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். சாதா வண்டி. ஹேண்டில்பார்ல மூணு பச்சை விளக்கு, அதைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் அவளை என் பைக்லதான் மேட்டு ரோட்டுல ஏத்தி, தண்ணி டேங்க் பக்கத்துல இருக்கற அவ லேப்ல விடுவேன். காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். என் முதுகுல சாஞ்சுக்கிட்டு, எந்தத் தண்ணியில என்ன கலந்திருந்துச்சு, மேனேஜர் எப்படி முழிச்சாரு, எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வருவா. எனக்கு அந்த லேப்ல ஒரு ஆளைக்கூடத் தெரியாது, ஆனா எல்லாரையும் தெரியும்.

மடக்கு சைக்கிள் வந்து ஒரு மாசம்கூட ஆகல. "நீங்க கடையைப் பாருங்க, நான் போயிக்கறேன்"னா. நல்லதுக்குத்தான் சொன்னா. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. அப்புறம் சாயங்காலம் லேப்ல இருக்கற ரெண்டு பொண்ணுங்களோட ஏரியைச் சுத்திட்டு வர ஆரம்பிச்சா. முகமெல்லாம் சிவந்து, பாடிக்கிட்டே படியேறுவா. இன்னைக்கு லேப்ல என்னன்னு கேட்டா, "ஒண்ணும் இல்லையே"ன்னுடுவா. பேச வேண்டியதையெல்லாம் வழியிலயே பேசி முடிச்சிருப்பா. என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்னு அப்பதான் உறைச்சுச்சு.

மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகணும்னு தீர்மானிக்க ஒரு சின்ன டப்பா உண்டு, கன்ட்ரோலர். லேப்டாப்பை மாட்டி நம்பரை மாத்தினா முடிஞ்சுது, ரெண்டு நிமிஷ வேலை. அவ வண்டியில பதினஞ்சு ஆம்ப் இருந்துச்சு. பதினாலு ஆக்கினேன். ஒரு ஆம்ப் குறைஞ்சா ஓட்டறவங்களுக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சுப் பதிமூணு.

நான் ஆசைப்பட்டது பெரிசா ஒண்ணும் இல்ல. மேடு ஏறக் கொஞ்சம் மூச்சு வாங்குச்சுன்னா பழையபடி பின்னாடி வந்து உக்காருவா. பிரேக்குல கை வெச்சேனா? இல்ல. மாசாமாசம் புதுக் கட்டை போட்டேன். அவளுக்கு ஒரு கீறல் விழ விட்டிருப்பேனா?

பதினொண்ணுல இருக்கும்போது என்னைப் பாராட்டினா தெரியுமா? கரண்ட் கம்மியாப் போனா பேட்டரி கூட நேரம் நிக்கும் இல்லையா. "என்னங்க பண்ணீங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா சார்ஜ் போட்டாப் போதுது. உங்களுக்கு நல்ல கைராசி"ன்னா. எனக்குச் சங்கடமாப் போச்சு.

ஒன்பதுக்கு வந்தப்போ ஒருநாள் கடை வாசல்ல வந்து நின்னா. "கொஞ்சம் வண்டியைப் பாருங்களேன். பாதி மேட்டுல இறங்கித் தள்ளிட்டுப் போனேங்க."

ஸ்டாண்டுல தூக்கி மாட்டி, அவளையே பெடலைச் சுத்தச் சொன்னேன். தூக்கி வெச்ச சக்கரத்துக்குப் பாரம் கிடையாது. எத்தனை ஆம்ப் வெச்சாலும் அது விர்ருனு சுத்தும். சுத்துச்சு. அவ கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தா.

"அப்போ எனக்குத்தான் முடியலையா?"ன்னா.

நான் ஒண்ணும் சொல்லல. பொய் சொல்லல மச்சான், அதை நல்லாக் கவனிங்க.

மறுநாள் என் பைக்ல ஏறினா. அஞ்சு நாள் வந்தா. அந்த அஞ்சு நாளும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா உங்களுக்குப் புரியாது. ஆறாவது நாள் மறுபடியும் சைக்கிளைத் தூக்கிட்டா. "விட்டுட்டா இன்னும் மோசமாயிடும்ங்க, ஓட்டி ஓட்டித்தான் சரி பண்ணணும்"னா. பிடிவாதம், உங்க வீட்டு ரத்தம். அவ கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தா ஒன்பதோட நின்னிருக்கும். எட்டு, ஏழு, ஆறுன்னு போக வேண்டியதாயிடுச்சு.

உங்க அம்மாவை நான் போட்டோவுலதான் பார்த்திருக்கேன். முப்பத்தாறு வயசுல கால்ல ஆரம்பிச்சுது, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல, வியாதிக்கு ஒரு டாக்டரும் ஒழுங்கா ஒரு பேர் சொல்லல, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மொதல்ல அதை நான் நினைச்சுக்கூடப் பார்க்கல. உங்க தங்கச்சி ஒருநாள் கட்டில்ல உக்காந்து, தையல் டேப்பால தன் கெண்டைக்காலைச் சுத்தி அளந்துக்கிட்டிருந்தா. அப்பதான் விளங்குச்சு. அவளுக்கு முப்பத்தஞ்சு முடியப் போகுது. வண்டி அஞ்சுல இருந்துச்சு.

டாக்டர் தட்டிப் பார்த்தாரு, ஊசி குத்திப் பார்த்தாரு. "காலு ரெண்டும் ஓட்டப்பந்தயக்காரங்க காலு மாதிரி இருக்கேம்மா"ன்னாரு. இருக்காதா பின்ன? இருபது கிலோ வண்டியை அஞ்சு ஆம்ப்ல தினம் மேட்டுல ஏத்தினவ. அவ நம்பல. அம்மாவுக்கும் ஆரம்பத்துல எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்களாம். நீங்களும்தானே போன்ல அதையே சொன்னீங்க? பழியைப் பூரா என் தலையில கட்டாதீங்க.

கடைசியா நாலு. அதுக்கப்புறம் குறைக்க வேண்டிய அவசியமே வரல, அவளே வேலையை விட்டுட்டா. ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி பதிச்சேன். மத்தியானம் கடையைச் சாத்திட்டு மாடிக்குப் போவேன், பேசிக்கிட்டிருப்போம். உக்காந்தே இருந்ததுல கால் நெசமாவே இளைச்சுப் போச்சு. இப்ப அவளைப் படியில தாங்கிப் பிடிச்சுத்தான் இறக்கணும். நான்தான் பிடிக்கிறேன், சலிச்சுக்கிட்டதே இல்ல.

வண்டியை நீங்க எடுத்துக்கிட்டுப் போனப்ப நான் சாமான் வாங்கப் போயிருந்தேன். சும்மா நிக்கிறதை அண்ணன் எடுத்துக்கட்டும்னு அவளே கொடுத்துட்டா. நான் இருந்திருந்தா பதினஞ்சுக்கு ஏத்திக் கொடுத்திருப்பேன். தொழில்ல நான் விட்ட கோட்டை அது ஒண்ணுதான். உங்க உடம்பு வெயிட்டுக்கு வண்டி பாலம் ஏறல, வேற கடைக்குப் போனீங்க. அவன் கேபிளை மாட்டிப் பார்த்துட்டு, "இத்தனை நாள் இதை மேட்டுல ஓட்டினது யாரு, குதிரையா?"ன்னு கேட்டானாமே. நல்ல மெக்கானிக்தான்.

அதை அவகிட்டச் சொல்லிட்டுத்தான் கீழ இறங்கி வந்திருக்கீங்க. அவ அழல, திட்டல, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னான்னு சொல்றீங்க. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடும்போது எனக்குத் தெரியுமான்னு.

அந்த வருஷம் பிள்ளை பெத்துக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தோம். பேர்கூட வெச்சிருந்தா, என்கிட்டச் சொல்ல மாட்டேன்னு விளையாட்டுக் காட்டுவா. கால் இப்படி ஆனதும், "என் வியாதியை அதுக்கும் கொடுக்கவா? என்னையே நீங்கதான் பார்க்கணும், அதையும் எப்படிப் பார்ப்பீங்க?"ன்னா. கருத்தடை ஆபரேஷனுக்கு அவளேதான் தேதி வாங்கிட்டு வந்தா. எனக்கும் பிள்ளை ஆசை உண்டு மச்சான், இல்லாம இல்ல. நாங்க ரெண்டு பேரே போதும்னும் ஒரு பக்கம் தோணிச்சு.

டாக்டரம்மா பேப்பரை என் பக்கம் தள்ளினாங்க. "நல்லா யோசிச்சுட்டீங்களா? அப்புறம் மாத்தறது கஷ்டம்"னாங்க. அவ என் முகத்தையே பார்த்தா. வேண்டாம்னு நான் சொல்லுவேன்னு நினைச்சாளோ என்னவோ.

தெரியும் மச்சான். தெரிஞ்சுதான் போட்டேன். அவளுக்கு வியாதி இல்ல, வண்டியிலதான் நாலு ஆம்ப் வெச்சிருக்கேன்னு அங்கயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அவ என் மேல வெச்ச நம்பிக்கை ஒண்ணுதான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.