உடன் ஏறியவர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது நம் ரூஹியின் சாச்சா மகள் உமைமாவுக்கு நடந்தது. ரூஹி வாயால் கேட்டது.

இரவு பதினொன்றேகால். திருவொற்றியூர் கடலோரச் சாலை. கம்பெனி வேன் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்குப் பத்து நிமிட நடை. ஒரு பக்கம் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல். மறு பக்கம் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள்… உள்ளே டிரைவர்கள் தூக்கம். ஆள் நடமாட்டம் இல்லை.

மூன்றாவது லாரியைத் தாண்டும்போது, டங்.

இரும்பில் கால் வைத்த சத்தம். நின்றாள். குனிந்து பார்த்தாள். தார்ச் சாலைதான். இன்னோர் அடி வைத்தாள். டங். செருப்பில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று கழற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெறுங்காலை ஊன்றினாள்… உள்ளங்காலுக்கு அடியில் உருண்டையாக ஒரு கம்பி. சில்லென்று. ஏணிப்படி.

கூடவே ஒரு வாடை. இனிப்பாக, மூக்கைக் கடந்து நெற்றியில் ஏறுகிற வாடை. கெமிஸ்ட்ரி படித்தவள். அது தன் கம்பெனியில் எந்த டேங்கின் வாடை என்று உடனே தெரிந்தது. ஏழாம் நம்பர்.

நான்கு படிகள். அதன் பிறகு வெறும் சாலை. ஓடி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

உமைமாவுக்கு வேலை எண்ணூர்ப் பக்கம், கப்பலில் வரும் ரசாயனங்களைத் தேக்கி வைக்கும் டேங்க் யார்டில். டேங்க் உச்சியிலிருந்து எடுத்து வரும் சாம்பிளை லேபில் சோதிக்க வேண்டும். சாம்பிள் எடுக்க இரண்டு பேர் ஏற வேண்டும் என்பது விதி. மூடியைத் திறந்தால் வெளிவரும் ஆவி காற்றைவிடக் கனம். காலடியில் தேங்கும். ஒருவர் குனிந்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ரெஜிஸ்டரில் 'ஏறியவர்', 'உடன் ஏறியவர்' என்று இரண்டு கட்டங்கள்.

போன வருடம் சாம்பிள் எடுக்க ஷிஃப்டுக்கு நான்கு பேர் இருந்தார்கள். இந்த வருடம் ஒருவர்தான், பொன்னுரங்கம். முகத்துவாரக்குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட். கடலில் மீன் அற்றுப்போய் வந்தவர். பதினோரு டேங்குக்கும் அவர் ஒருவரே. ஆள் கேட்டால், "இஷ்டம் இல்லாட்டி வேலய வுட்டு நின்னுக்கோ" என்பார் சூப்பர்வைசர் திலீப். அதனால் ஒரு பழக்கம் வந்தது. பொன்னுரங்கம் தனியாக ஏறுவார். உமைமா லேபில் உட்கார்ந்தபடியே இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போடுவாள்.

"நானும் வரட்டுமாண்ணா?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள்.

"நீயா? கேன்டீன் மாடிக்கே உனுக்கு மூச்சு வாங்குது. கையெழுத்த போடு பாப்பா. உனுக்கும் சேத்து நான் ஏறிக்கினு வர்றேன்."

சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

படிச் சத்தம் கேட்பதற்குப் பதினைந்து நாள் முன்பு, ஓர் இரவு. வேன் பத்து நாற்பதுக்கு. பத்தேகாலுக்கே ரெஜிஸ்டரை எழுதி முடித்துவிட்டாள். ஏறியது 10.20. இறங்கியது 10.35. இருவரும் நலம். கையெழுத்து. அவர் அப்போதுதான் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஏழாம் டேங்க் பக்கம் போனார்… காலையில் மேலே பிணமாகக் கிடந்தவரைக் கயிறு கட்டி இறக்கினார்கள்.

பதினைந்து நாள் கழித்துத் திலீப் ஒரு தாளை நீட்டினார்.

"நீ ஏறலன்னு சொன்னா, பொய்க் கையெழுத்துன்னு உம்மேலதான் கேஸு. ரெண்டு பேரும் ஏறினோம், எறங்கினோம். அந்தாளு மறுக்கா தானா ஏறிக்கினான். அவ்ளோதான். இன்னா, போடுறியா?"

போட்டாள். படிச் சத்தம் முதன்முதலில் கேட்டது அன்று இரவுதான்.

மறுநாள் ஒன்பது படிகள். அதற்கு மறுநாள் பதினைந்து. தெருவை மாற்றிப் பார்த்தாள். எந்தத் தெருவிலும் டங்… டங்… அவள் எண்ணத் தொடங்கினாள். ஏழாம் டேங்க் ஏணிக்கு ஐம்பத்திரண்டு படிகள். இருபத்தெட்டு வந்த அன்று பொறுக்க முடியாமல் முகத்துவாரக்குப்பம் போனாள்.

பொன்னுரங்கத்தின் மனைவி மங்கை வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிச் சட்டையைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னொரு காயிதமா? கைநாட்டு வெக்க மாட்டேன், போ."

"இல்லக்கா. நான்… அன்னிக்கு அவரோட ஏறல. ஏறினேன்னு கையெழுத்துப் போட்டேன்."

மங்கை கத்தவில்லை. அதுதான் உமைமாவுக்குத் தாங்கவில்லை.

"மேல கீற பித்தள மூடியத் திருட ஏறிச்சாம் அது. கம்பெனில அப்டி எழுதிக்கீறாங்கோ. என் புள்ளய இஸ்கூல்ல திருடன் மவன்னு கூப்புடுதுங்க. துட்டு வந்தா வருது, வராட்டி போவுது. அந்தப் பேர மட்டும் எடுத்துக் குடு. வெள்ளிக்கெழம கவர்மென்ட்டு ஆபிசரு விசாரிக்க வர்றாரு. வந்து சொல்றியா?"

"சொல்றேன்க்கா."

மங்கை கையைக் கழுவிவிட்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். உமைமா தலை நிமிராமல் குடித்தாள். எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், ஒன்றைத் தவிர. அன்று வேனில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்திருந்தாள். ஏழாம் டேங்க் உச்சியில் டார்ச் எரிந்தது. அது அசையவே இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்… அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை. விசாரணை அறைக்கு வெளியே திலீப் மெதுவாகச் சொன்னார்: "பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு கீது. பாத்துப் பேசு."

உள்ளே முன் பெஞ்சில் மங்கை.

"நீங்க கூட ஏறினீங்களா?" என்றார் அதிகாரி.

பின்னால் திலீப் தொண்டையைச் செருமினார்.

"ஏறினேன் சார்."

"இறங்கினீங்களா?"

"ரெண்டு பேரும் இறங்கினோம் சார்."

மங்கை எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். உமைமாவின் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அன்று இரவு, முதல் லாரியைத் தாண்டும்போதே தொடங்கியது. டங்… டங்… திரும்ப முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. காலடியில் அகலமான இரும்புத் தகடு. உச்சிக் காற்றில் துப்பட்டா படபடவென்று அடித்தது. சாலைதான் அது, ஆனால் துறைமுகத்து விளக்குகள் எல்லாம் அவளுக்குக் கீழே, வெகு கீழே தெரிந்தன. அந்த இனிப்பு வாடை முழங்கால் வரை தேங்கி நின்றது.

முதுகுப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள். பேனா தாளில் கீறும் சத்தம்.

"நல்ல வேள பாப்பா, வந்துட்டே. ரெண்டு பேரும் எறங்கிட்டோம்னு நான் கையெழுத்து போட்டுட்டேன்."

டங்… டங்… சத்தம் ஒன்று இறங்கிப் போனது. ஒரே ஒரு ஆளின் காலடி.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அன்று ரூஹி அங்கே தங்கியிருந்தாள். விடிய விடிய உட்கார்ந்து, அந்த டார்ச் வரை எல்லாவற்றையும் ரூஹியிடம் சொன்னாள் உமைமா. கை இரண்டும் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன. படு என்று ரூஹி எவ்வளவோ சொல்லியும் படுக்கவில்லை.

கொசுவுக்காக ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தார்கள். கரண்ட் வேறு இல்லை, இதோ இப்போது போல. மெழுகுவர்த்தியின் சுடர்கூட ஆடவில்லை.

உமைமாவின் துப்பட்டா மட்டும்… படபடவென்று அடித்துக்கொண்டே இருந்ததாம்.