வலப்பக்கம் மேலே

மேடம், அந்த மேசை விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் நல்லது. வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்தால் கண்குழி இரண்டும் இருட்டடித்துவிடும். அப்புறம் பதிவைப் போட்டுப் பார்க்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு இதுதான் வேலை. பல்கலைக்கழக உளவியல் ஆய்வகத்தில் ஆட்களை உட்காரவைத்து, பேசவிட்டு, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். "இதுக்கெல்லாமாடி சம்பளம் குடுக்கறாங்க?" என்று அம்மா கேட்பாள். கொடுக்கிறார்கள்.

கோட்டு சாரைப் பற்றித்தானே கேட்டீர்கள். எந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத பயிற்சியாளர், அதனால் ஆய்வகத்தில் நாங்கள் வைத்த பெயர் அது. என்.எல்.பி. என்ற சரக்கைக் கம்பெனி கம்பெனியாகப் போய் விற்றுக்கொண்டிருந்தார். நரம்பு, மொழி, நிரல் என்று மூன்று பெரிய வார்த்தைகளைச் சேர்த்துக் கட்டினால் படித்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் விற்றதில் முக்கியமானது ஒரு படம். ஒரு மொட்டை முகம், சுற்றிலும் அம்புக்குறிகள். பேசுகிறவரின் கண் அவருடைய இடப்பக்கம் மேலே போனால் நடந்ததை நினைத்துப் பார்க்கிறார். வலப்பக்கம் மேலே போனால் இட்டுக்கட்டுகிறார். இவ்வளவுதான் வித்தை.

இதை நாங்கள் சோதித்தோம். சிலரை உண்மை பேசச் சொன்னோம், சிலரைப் பொய் பேசச் சொன்னோம். யார் எது என்று தெரியாதவர்களை வைத்து, கண் அசைவுகளை ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொன்னோம். விடைத்தாள் என் அலமாரியில் பூட்டியிருந்தது. கண் போகிற பக்கத்துக்கும் பொய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு ஒரு கூட்டத்துக்கு அந்தப் படத்தைச் சொல்லிக்கொடுத்து, இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்காமல், இரண்டு கூட்டத்தையும் பொய்யைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். இரண்டும் ஒரே லட்சணம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே பலன்தான். எங்கள் கேமராக்காரர், "இதுக்கு நம்ம வாசல்ல படுத்திருக்கிற நாயைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

கட்டுரை வெளிவந்தது. பேராசிரியை அதோடு திருப்தியாகிவிட்டார். "நம்ம வேலை முடிஞ்சுதும்மா. யாரையும் துரத்திக்கிட்டுப் போறது நம்ம வேலை இல்ல." கோட்டு சாரின் வகுப்புகளுக்கு அதற்குப் பிறகுதான் கூட்டம் அள்ளியது. அந்தக் கட்டுரையை ஒரு மேலாளர்கூடப் படிக்கவில்லை. எல்லாரும் பட்டதாரிகள்.

என் அக்கா ஒரு கைக்கடிகாரக் கடையில் விற்பனைக்கு நின்றவள். நின்றவள் என்றால் நின்றவள்தான், உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. பத்தாவதோடு படிப்பை விட்டு அவள் நின்ற நிற்பில்தான் எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாக நான் கல்லூரிக்குப் போனேன். நான் ஆய்வகத்தில் சேர்வதற்குப் பல வருடம் முன்பு ஒருநாள் கடையில் விலையுயர்ந்த கடிகாரம் ஒன்று காணாமல் போனது. மேலாளர்கள் அப்போதுதான் கோட்டு சாரிடம் பயிற்சி எடுத்திருந்தார்கள், அதனால் விசாரணைக்கும் அவரையே கூப்பிட்டார்கள். "நேத்து அலமாரியைப் பூட்டினது யாரும்மா?" என்று கேட்டார். அக்கா யோசித்தாள். யோசித்தபோது கண் வலப்பக்கம் மேலே போயிற்று. "போதும்" என்றார். அவள் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கவில்லை. இப்போது ஒரு சலவைக் கடையின் பின்னறையில் இஸ்திரி போடுகிறாள். அங்கே அவள் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

போன மாதம் கோட்டு சார் தானாகவே ஆய்வகத்துக்கு வந்தார். யாரோ எங்கள் கட்டுரையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "கத்துக்குட்டிங்களை வச்சு சோதிச்சா இப்படித்தான் வரும். என்னை வச்சு சோதிச்சுப் பாரும்மா." பேராசிரியை வெளியூர் போயிருந்தார். நான் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். பாதி சரி, பாதி தப்பு. எல்லாரையும் போலத்தான். விடைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "ரெண்டே ரெண்டுதான் சார் தப்பு" என்றேன். எழுதித் தரச் சொன்னார், எழுதியும் கொடுத்தேன். இந்த விஷயத்தில் நான் வாயால் சொன்ன ஒரே பொய் அது. சொல்லும்போது அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரிடம் பிஸ்கட் தட்டை நீட்டினேன். "வேர்க்கடலை சேர்ந்ததா? வேண்டாம்மா. எனக்கு அலர்ஜி. கொஞ்சம் பட்டாலே தொண்டை அடைச்சிடும். ஊசி எப்பவும் பையிலயே இருக்கும்" என்றார். நான் கேட்காமலே சொன்ன தகவல். அடுத்த வகுப்புக்கு வந்து நீயே முடிவைச் சொல்லணும் என்றார். வருகிறேன் சார், தேநீர் ஏற்பாட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடலை சேர்ந்த எதுவும் கூடாது என்று வகுப்பு நடக்கிற விடுதிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். விடுதிக்காரர்கள் மேல் தப்பு இல்லை, அவர்களை விட்டுவிடுங்கள். கடலையை அரைத்துச் சேர்த்த சாக்லேட் பிஸ்கட்டுகளை நான்தான் வீட்டிலிருந்து கொண்டுபோனேன்.

வகுப்பில் அவர் என் அக்காவின் கதையைச் சொன்னார். அது அவருடைய வழக்கமான உதாரணமாம். "ஒரே ஒரு கேள்விதான். பொண்ணு மாட்டிக்கிச்சு." அரங்கம் சிரித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற சிரிப்பு. அப்புறம் என்னை மேடைக்கு அழைத்தார். "இவங்க ஆராய்ச்சிக்காரங்க. இவங்களே என்கிட்ட தப்ப முடியாது. ஏதாவது ஒண்ணு சொல்லும்மா."

என் கையில் தட்டு இருந்தது.

"சார், இதுல கடலை இருக்கு" என்றேன். சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் வலப்பக்கம் மேலே இருந்தது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா, கண்ணு எங்க போகுதுன்னு? எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே பயமுறுத்துது பாருங்க."

"விளையாட்டு இல்ல சார். நிஜமாதான் சொல்றேன். சாப்பிடாதீங்க." மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நடிப்புக்கு முழு மதிப்பெண்" என்று சொல்லி ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். கைதட்டினார்கள். அவர் கோட்டின் கழுத்தைத் தளர்த்தியபோதும் சிலர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

வகுப்பை வீடியோ எடுத்தார்கள், எல்லாம் அந்தப் பதிவில் இருக்கிறது. இரண்டு முறை எச்சரித்தேன், இரண்டு முறையும் உண்மை. பிறகு பை எங்கே, பை எங்கே என்று கத்தினார்கள். பைகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பக்கத்து அறையில் வைத்துப் பூட்டியது நான். சாவி என் கையில்தான் இருந்தது. சாவி யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கதவை உடைத்து ஊசியை எடுத்து வந்தார்கள். அதற்குள் அது அவருக்குத் தேவையில்லாமல் போயிருந்தது.

ஆமாம், கொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று பேராசிரியை சொல்வார். ஒத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்காகச் செய்தாயா என்று கேட்டீர்கள். வேறு யாருக்காக? அவள் எடுக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வேலை போன அன்று அந்தப் படத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்போது நான் கல்லூரியில் முதல் வருடம். புத்தகத்தில் அச்சடித்ததையெல்லாம் நம்புகிற வயது.

"நீ எடுக்கலதானே அக்கா?"

"இல்லடி."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

சொன்னாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் கண்ணைப் பார்த்தேன். அது படத்தில் இருந்தபடியே போயிற்று. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னோடு பேசும்போது இஸ்திரிப் பெட்டியையோ தரையையோ பார்த்துத்தான் பேசுவாள். அதெல்லாம் பழைய கதை. கண்ணுக்கும் பொய்க்கும் சம்பந்தமில்லை என்று என் கையாலேயே நிரூபித்துவிட்டேன். அத்தனை பதிவுகளையும் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள், மேடம். அந்தக் கடிகாரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அவளை இந்த நாற்காலியில் உட்காரவையுங்கள். விளக்கு இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.