இன்னாசிமுத்து பேசிய பிரெஞ்சு

காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும். என் வீட்டில் சர்க்கரை குறைவாகத்தான் போடுவார்கள். பாரீசில் சட்டம் படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்தப் பாகூர் கொம்யூனில் காப்பியைக் கசப்பாகக் குடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் குடிப்பது வெல்லப்பாகு.

நீங்கள் புதிதாக வந்திருக்கும் விசாரணை நீதிபதி. பவுனம்மாள் மனுமேல் மனு போட்டு உங்களை இங்கே துரத்தியிருக்கிறாள். தன் புருஷன் இன்னாசிமுத்து ஆதிமூலத்தைக் கொல்லவில்லை, அவனைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புங்கள் என்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். அவன் கொல்லவில்லை.

ஆதிமூலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூறு காணி நிலமும் கைநாட்டும் உள்ள மனிதர். கொம்யூன் தலைவரான மேர் பதவிக்கு எனக்கு எதிராக நின்றார். கடைத்தெருக் கூட்டத்தில் என்னைக் காட்டி, "காசிக்குப் போனாலே கருமம் தொலையாது. இவுரு பாரீசுக்குப் போயி இன்னாத்தத் தொலச்சாரு?" என்றார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அவர்களுக்குச் சுதந்திரம், சமத்துவம் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். ஒருவனும் கொட்டாவியை மறைக்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஏரி மதகருகே அவரைத் தனியாகப் பார்த்தேன். "இன்னா பாரிஸ்டரே, சேத்துல கால வச்சிட்டியே. பூட்சு அழுவுமேப்பா" என்றார். மதகில் ஒரு மண்வெட்டி சாய்ந்து நின்றது. நான் அன்று நிதானமாகவே இருந்தேன். கோபம் சமமானவர்கள் மேல் வருவது.

மண்வெட்டி, வயலுக்குத் தண்ணீர் திருப்புகிற இன்னாசிமுத்துவுடையது. கஞ்சி குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தவன் பிணத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் போலீஸ் சிப்பாயைக் கூட்டி வந்தான். புத்தியுள்ளவன் ஊரை விட்டு ஓடியிருப்பான். என்னை அவன் பார்க்கவேயில்லை.

பவுனம்மாள் நேரே என்னிடம் வந்து காலில் விழுந்தாள். "எங்களுக்கு அவுங்க பாஷ தெரியாது சாமி. நீங்கதான் பேசணும்." கூலி வாங்காமல் வழக்கை எடுத்தேன். ஏழைப் பங்காளன் என்று ஊர் சொன்னது. அந்த ஒரு சொல்லில் தேர்தலும் முடிந்தது.

சிறையில் அவனுக்குப் பாடம் சொன்னேன். "ஜட்ஜு தொர இன்னா கேட்டாலும் 'உய்'னு சொல்லுடா. வேற வாயத் தொறக்காத."

"அப்டீன்னா இன்னா தொரே?"

"உய்னா பொழச்சுப் போறது. தமிழ்தான்டா."

"ஆமா ஆமா. கோயில்ல சாமியாரும் 'நாங்கள் உய்ய'ன்னுவாரு" என்று சந்தோஷப்பட்டான். புதுச்சேரியில் புஷ் வண்டி தள்ளுகிறவனுக்குக்கூட 'உய்' என்றால் 'ஆமாம்' என்று தெரியும். பாகூர்ச் சேற்றில் கிடப்பவனுக்குத் தெரியாது. அதற்கு நான் பொறுப்பா?

கோர்ட்டில் துபாசி எழுந்து நின்றார். வெள்ளைக்கார நீதிபதி ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பதற்குள் இவன் "உய்" என்றான். பிரெஞ்சு பேசும் கூலியாள்! நீதிபதி பூரித்துப்போய்த் துபாசியை உட்காரச் சொல்லிவிட்டார். மண்வெட்டி உன்னுடையதா? உய். ஆதிமூலத்தை வெறுத்தாயா? உய். நீதான் அடித்தாயா? உய். துபாசி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் அவர் தம் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

நான் எழுந்து கருணை கேட்டுப் பேசினேன். சபையே கண் கலங்கியது. கழுத்து தப்பியது. கடல் கடந்த தீவில் ஆயுள் தண்டனை. பவுனம்மாள் கூரையில் காய்த்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்ல வந்தாள். நல்ல காய். சமையற்காரன் இரண்டு நாள் கூட்டு வைத்தான்.

மேர் ஆனேன். பிறகு புதுச்சேரிச் சபைக்கும் போனேன். கவர்னருக்குப் பக்கத்தில் நின்று வில்லியனூர்த் தேருக்கு வடம் பிடித்தேன். எங்களுக்குப் பின்னால் பவுனம்மாளைப் போன்ற கும்பல்தான் இழுத்தது. தேர் எங்கே போகிறது என்று கும்பல் கேட்பதில்லை.

இப்போது ஏன் ஒப்புக்கொள்கிறேன் என்கிறீர்களா? இன்னாசிமுத்து போன மழைக்காலத்தில் அங்கேயே செத்துப்போனான். தகவல் மேர் ஆபீசுக்குத்தான் வந்தது. பவுனம்மாளுக்கு இன்னும் சொல்லவில்லை; வரப்போகிற தேர்தலும் முடியட்டும் என்றிருக்கிறேன். இனி என்னைத் தண்டித்தாலும் அவள் கேட்டது கிடைக்காது. ஆகவே உண்மையால் யாருக்கும் லாபமில்லை, நட்டமும் இல்லை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவனிடம் பொய் சொன்னதில்லை. தீர்ப்பு படித்து வண்டியில் ஏற்றும்போது விலங்குக் கையைக் கூப்பிக் கேட்டான்: "தொரே, எப்ப வூட்டுக்கு உடுவாங்க? நாளைக்கா?"

"உய்" என்றேன்.

அதை நான் தமிழில்தான் சொன்னேன்.