பதிமூணு ஹோஸ் தூரம்

– ...அப்படித்தான் மாப்ள பஞ்சாலைத் தீய அணைச்சேன். சரி, வழிய விடுங்க. அஞ்சு மணிக்குள்ள இந்த ஆட்சேபணை மனுவக் குடுத்தாகணும். இன்னிக்குத்தான் கடைசி நாள்.

– நேரம் கிடக்கு மாமா. ஆபீஸ் அடுத்த தெருவுலதான இருக்கு? நகராட்சி இன்ஜினியர் நானே இங்க உக்காந்திருக்கேன்.

– அதுதான் எனக்குப் பயமே! உங்க அறிக்கைக்கு எதிராத்தானே எழுதியிருக்கேன்.

– அதுல என்ன தப்பு? எரிவாயுத் தொட்டியச் சுத்தி அரைக் கிலோமீட்டருக்கு வீடு இருக்கக் கூடாது. வீடு இல்ல. அளந்துதானே எழுதினேன்.

– எங்க இருந்து அளந்தீங்க? முன் கேட்டுல இருந்து! வெடிக்கப் போறது கேட்டா, தொட்டியா? தொட்டி வரப்போற பின்மூலையில நின்னு நான் அளந்தேன்.

– எதை வெச்சு?

– முப்பத்திரெண்டு வருஷம் தீயணைப்புல தோள்ல சுமந்தேனே, அந்த ஹோஸை வெச்சு. ஒண்ணு பதினஞ்சு மீட்டர். பதிமூணு விரிச்சேன். பதினாலாவதுக்கு இடமில்ல, முதல் வீட்டு வாசல் வந்துடுச்சு. அந்தம்மா என்னடான்னா, 'தண்ணி விடப் போறீங்களாண்ணே'ன்னு குடத்தோட ஓடி வருது. பின்னாலயே நூறு குடம்!

– நூறா?

– சரி, ஏழு. ஆனா வீடு நூத்தியெண்பது மாப்ள. உள்ள போக ஒரே சந்து.

– தீயணைப்பு வண்டி நுழையும்னு எழுதிக் குடுத்திருக்காங்களே.

– நுழையும். அப்புறம் அங்கயே ரேஷன் கார்டு வாங்கிக் குடியிருக்க வேண்டியதுதான், திரும்ப முடியாது.

– உங்க வாய்க்கு யார் நிக்க முடியும்! உக்காருங்க, டீ ஆறுது. அந்த சிலிண்டர் கிடங்கு எரிஞ்ச கதைய இன்னிக்குச் சொல்லவே இல்லையே.

– அதுவா! நான் போறப்ப அறுபது சிலிண்டர்...

– போன தடவை நாப்பதுன்னீங்க.

– போன தடவை அடக்கமா சொன்னேன். ஒவ்வொண்ணும் ராக்கெட்டாட்டம் கிளம்புது. ஒண்ணு சினிமாக் கொட்டகைக் கூரையப் பிச்சுக்கிட்டு உள்ள விழுந்து, முன்வரிசையில ஒரு சீட்டு மேல போய் உக்காந்துச்சு. டிக்கெட் கிழிக்கிறவன் டார்ச்சோட ஓடியாந்து, 'டிக்கெட் எங்கய்யா?'ங்கிறான்!

– அய்யோ மாமா! அப்புறம்?

– என் மீசை தீய்ஞ்ச நாத்தம் மூணு தெருவுக்கு. வீட்டுக்குப் போனா உங்க அத்தை கதவையே திறக்கல, யாரோ பிச்சைக்காரன்னு.

– அப்புறம்?

– அப்புறம் பதினோரு பேர். எடுத்துப் படுக்க வெச்சவன் நான். அந்தக் கணக்க மட்டும் நான் என்னிக்கும் கூட்டிச் சொன்னதில்ல மாப்ள. அந்தக் கிடங்குக்கும் உங்கள மாதிரி ஒரு இன்ஜினியர்தான் 'பக்கத்துல வீடில்ல'ன்னு எழுதிக் குடுத்திருந்தார்.

– நான் என்ன மாமா பண்ணுவேன்? 'கேட்டுல இருந்து அளக்கிறியா, இல்ல வேலைய விட்டுப் போறியா'ன்னு நகராட்சித் தலைவர் கேட்டார். ரெண்டு பிள்ளைங்களப் பெத்து வெச்சிருக்கேன்.

– அந்த நூத்தியெண்பது வீட்டுலயும் பிள்ளைங்கதான் இருக்கு. மனு பதிவாயிட்டா திரும்ப அளந்தே ஆகணும், சட்டம் அப்படி. உங்களுக்குத் திட்டு விழும், வாங்கிக்கங்க. எங்க என் செருப்பு?

– வேணாம் மாமா. ஆபீஸ் சாத்திட்டாங்க.

– என்னது?

– மணி அஞ்சே கால். 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை'ன்னு இந்நேரம் எழுதி மேல அனுப்பியிருப்பாங்க.

– அப்ப... இதுக்குத்தான் வந்தீங்களா? எம்பொண்ணுக்குத் தெரிஞ்சா உங்க மூஞ்சியில முழிப்பாளா?

– அவதான் மாமா அனுப்பினா. 'எங்கப்பாகிட்ட சண்டை போடாதீங்க. "அப்புறம்?"னு மட்டும் கேட்டுக்கிட்டே இருங்க, போதும்'னா.