அம்மா மடியில் நான்கு பேர்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில், மலாக்காவின் காஜா பேராங்கில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் அருகில் நின்றிருந்த துணிக்கடை பாயிடம் சொன்னார்: "எங்கம்மா மடியில நாலு பேரு நிக்கிறாங்க, பாய்."

கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"கேமராவுல பிலிம் சுருளச் சுத்த மறந்துட்டியா?" என்றார் பாய்.

"ஆமா. கெளம்புற அவசரத்துல அம்மாவ வாசல்ல நாற்காலி போட்டு ஒரு படம் எடுத்தேன். அப்புறம் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய் கொடியேத்துறதையும் அதுமேலயே எடுத்துட்டேன்."

"எல்லாரும் பண்றதுதான். என் தங்கச்சி நிக்காஹ் படத்துல மாப்பிள்ளை தலையில ஆடு மேயுது. அம்மாவ இன்னொரு தடவ உட்கார வச்சு எடுத்துடேன்."

"போன வாரம் தவறிட்டாங்க, பாய்."

பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

"பாழாப்போன படம், பிரிண்டு போட மாட்டேன்னுட்டாரு ஸ்டூடியோக்காரரு. நீங்கதான் வீட்டுலயே பிரிண்டு போடுறீங்களே. கூட்டத்த மறைச்சு, அம்மாவ மட்டும் எடுத்துத் தர முடியுமா?"

பாய் நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உங்கம்மா திடலுக்கு வரலையா?"

"கால் வீக்கம், நடக்க முடியல. 'என்னையும் கூட்டிட்டுப் போடா'ன்னு அழுதாங்க. படம் எடுத்துத்தான் சமாதானப்படுத்தினேன்."

பாய் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மறைக்க வேணாம் தம்பி. கொடிக்கு நேர் முன்னால நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க, பாரு."